எச்சில் ஒழுகும் மாடு, நொண்டும் மாடு: கோமாரியை அறிகுறி வழியே பிடித்து நிறுத்துவது

காலையில் ஒரு மாடு தீவனத்தை முகர்ந்துவிட்டு விலகி நிற்கிறது. வாயோரம் எச்சில் வழிகிறது. உடனே எல்லோரும் செய்வது ஒன்றுதான்: வாயைப் பிளந்து பார்ப்பது, நாக்கை இழுத்துப் பார்ப்பது, கையை உடுப்பில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்கும் மாட்டின் வாயையும் பார்ப்பது. வந்திருப்பது கோமாரியாக இருந்தால், நோய் இருக்கிறதா என்று பார்த்த அந்தக் கையே அடுத்த மாட்டுக்கு நோயைக் கொடுத்துவிட்டது.

கோமாரி, காணை, கால் வாய் நோய் எல்லாம் ஒன்றுதான். (கடைசிப் பெயரைச் சேர்த்து எழுதினால் கால்வாய்க்கு வந்த நோய் போலத் தோன்றும், பிரித்தே எழுதுவோம்.) பிளவுபட்ட குளம்புள்ள மாடு, எருமை, செம்மறி, வெள்ளாடு, பன்றி ஆகியவற்றைத் தாக்கும். குதிரைக்கும் கழுதைக்கும் வராது. காரணம் ஒரு மிகச் சிறிய வைரஸ். 1898இல் லோஃப்லர், ஃபிராஷ் என்ற இரு ஜெர்மானிய ஆய்வாளர்கள், பாக்டீரியாவைத் தடுத்து நிறுத்தும் வடிகட்டியையும் தாண்டி இந்த நோய்க்கிருமி போகிறது என்று காட்டினார்கள். விலங்குகளைத் தாக்கும் வைரஸ் ஒன்று இருக்கிறது என்று முதன்முதலில் தெரியவந்தது இந்த நோயால்தான்.

வளர்ந்த மாடுகளில் பெரும்பாலானவை இரண்டு வாரத்தில் தாமாகவே தேறிவிடும். வைரஸைக் கொல்லும் மருந்து கொட்டகையில் யாரிடமும் இல்லை. ஆகவே கீழே வரும் ஒவ்வொரு அறிகுறிக்கும் இரண்டு கேள்விகள் உண்டு. இது கோமாரிதானா என்பது முதல் கேள்வி. எப்படி உள்ளே வந்தது, எந்த வழியாக வெளியே போகப்போகிறது என்பது இரண்டாவது. முதல் கேள்வியோடு நின்றுவிடுவதால்தான் ஒரு மாட்டு நோய் ஒரு மந்தை நோயாகிறது.

எச்சில் நூல்போல ஒழுகுகிறது, மாடு உதட்டைச் சப்புக்கொட்டுகிறது

வாயில் கை வைப்பதற்கு முன் இரண்டு ஆபத்துகளை ஒதுக்குங்கள். ஒன்று வெறிநோய். மாடு விழுங்க முடியாமல், குரல் மாறிக் கத்திக்கொண்டு, கண்ணில் பட்டதை முட்டிக்கொண்டு, பின்னங்கால் தள்ளாடி நின்றால் கையை உள்ளே விடவே கூடாது. மருத்துவர் வரும்வரை தனியாகக் கட்டி வையுங்கள். இரண்டாவது பூச்சிக்கொல்லி நஞ்சு. எச்சிலோடு தசை துடிப்பு, கழிச்சல், சுருங்கிய கண்மணி ஆகியவை சில மணி நேரத்துக்குள் சேர்ந்து வந்தால் அது கோமாரி அல்ல. நிமிடங்களை வீணாக்காமல் மருத்துவரைக் கூப்பிட வேண்டிய அவசரம்.

அடுத்து வெப்பமானி. ஆசனவாயில் வைத்துப் பார்க்கும்போது மாட்டின் இயல்பான வெப்பநிலை ஏறத்தாழ 101.5 டிகிரி ஃபாரன்ஹீட். கோமாரியின் தொடக்கத்தில் அது 104 முதல் 106 வரை ஏறும். கொப்புளம் உடைந்ததும் காய்ச்சல் இறங்கத் தொடங்கும். ஆகவே வாயில் பழைய புண்ணும் உடம்பில் இயல்பான சூடும் இருந்தால், "காய்ச்சல் இல்லையே, இது கோமாரியாக இருக்காது" என்று முடிவுகட்ட வேண்டாம். நீங்கள் தாமதமாகப் பார்க்கிறீர்கள், அவ்வளவுதான்.

இப்போது கையுறை போட்டுக்கொண்டு வாயைப் பாருங்கள். நாக்கின் மேல்புறம், ஈறு, உதட்டின் உட்புறம், மேல் தாடையின் முன்பக்கத்தில் பல் இல்லாத கெட்டியான மேடு ஆகிய இடங்களில் வெளிறிய நீர்க்கொப்புளம் இருக்கும், அல்லது அது உடைந்து தோல் உரிந்த சிவந்த புண் இருக்கும். சில மாடுகளில் நாக்கின் தோல் உறைபோலக் கழன்று கையோடு வந்துவிடும். முதன்முறை பார்ப்பவர் பதறிப்போவார். ஆனால் நாக்குப் புண் வேகமாக ஆறக்கூடியது.

எச்சில் மட்டும் இருந்து கொப்புளமும் இல்லை, காலிலும் ஒன்றும் இல்லை என்றால் வேறு இடத்தில் தேடுங்கள். தொண்டையில் கிழங்கோ காயோ அடைத்திருந்தால் வயிறு உப்பும், மாடு கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கும். நாக்கு மரக்கட்டைபோல இறுகியிருந்தால் அது பாக்டீரியாவால் வரும் கட்டை நாக்கு. ஒரு மாட்டோடு நின்றுவிடும். மூன்று நாள் காய்ச்சலிலும் எச்சில் வடியும், கால் மாற்றி மாற்றி நொண்டும். ஆனால் வாயிலும் குளம்பிடுக்கிலும் கொப்புளம் இருக்காது, பெயருக்கேற்றபடி மூன்றாம் நாள் மாடு எழுந்து தீவனத்துக்கு வந்துவிடும்.

நொண்டுகிறது, காலை உதறுகிறது

ஒரு மாடு, ஒரே கால், குளம்பிடுக்கில் அழுகல் நாற்றம், வாய் சுத்தம்: இது பெரும்பாலும் குளம்பு அழுகல். பல மாடுகள், ஒன்றுக்கு மேற்பட்ட கால்கள், ஓரிரு நாள் இடைவெளியில் தொடக்கம் என்றால் கோமாரியாக எண்ணிக்கொண்டு நடங்கள். பிறகு அது இல்லை என்று தெரிந்தால் நட்டம் ஒன்றும் இல்லை.

பார்க்க வேண்டிய இடங்கள் இரண்டு: குளம்புகளுக்கு நடுவே உள்ள பிளவு, குளம்பும் தோலும் சேரும் மேல் விளிம்பு. சேறு படிந்த காலில் எதுவும் தெரியாது. கழுவிவிட்டுப் பாருங்கள், கழுவிய தண்ணீர் மற்ற மாடுகள் நிற்கும் பக்கம் ஓடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஒருமுறை நானே ஒரு நொண்டி மாட்டைக் கொட்டகையின் மேட்டுப் பக்கம் நிறுத்திக் காலைக் கழுவினேன். தண்ணீர் சரிவில் இறங்கித் தீவனத் தொட்டி வரிசை முழுக்க ஓடியது. அதற்குப் பிறகு எந்தத் தொழுவத்துக்குப் போனாலும் என் கண் முதலில் தேடுவது மாட்டை அல்ல, தரையின் சரிவை.

புண் இருக்கிறது: எத்தனை நாளானது?

பலர் கேட்காமல் விடும் கேள்வி இது. எனக்கு இதுதான் முதன்மையான கேள்வி. புண்ணின் வயதை ஓரளவு சொல்ல முடிந்தால், நோய் எந்த நாளில் உள்ளே வந்தது என்று எண்ணிப் பிடித்துவிடலாம்.

கொப்புளம் உடையாமல் இருந்தால் வந்து இரண்டு நாளுக்குள். உடைந்து, கிழிந்த தோல் ஓரத்தில் தொங்கிக்கொண்டு, அடிப்பகுதி பளிச்சென்ற சிவப்பாக, விளிம்பு கூர்மையாக இருந்தால் ஒன்று முதல் மூன்று நாள். சிவப்பு மங்கி, விளிம்பு மழுங்கி, வெளிறிய படலம் போர்த்தியிருந்தால் நான்கு நாளைத் தாண்டிவிட்டது. ஏழாம் நாளளவில் தழும்பு கட்டத் தொடங்கும். அதற்குப் பிறகு கணக்கு தளர்ந்துபோகும். வாய்ப் புண்ணை வைத்தே கணக்கிடுங்கள். சாணத்திலும் சேற்றிலும் நிற்கும் காலின் புண் சீழ் கோத்து ஏமாற்றும்.

முதலில் நோய்ப்பட்டதாகத் தோன்றும் மாட்டைவிட, மிகப் பழைய புண் உள்ள மாட்டைத் தேடுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. அதிகமாக எச்சில் ஒழுக்கிய மாடு கண்ணில் படுகிறது. மூன்று நாள் முன்பே நோய் வந்து ஓரமாக அசைபோட்டுக்கொண்டிருந்த மாடு தப்பிவிடுகிறது.

இனி பின்னோக்கி எண்ணுங்கள். வைரஸ் உள்ளே போய் நோய் வெளித்தெரிய இரண்டு நாள் முதல் பதினான்கு நாள் வரை ஆகலாம். மிகப் பழைய புண் தோன்றிய நாளுக்கு முந்தைய இரண்டு வாரத்தில் என்ன நடந்தது? புதிய மாடு வந்ததா? விற்க ஓட்டிப்போன கன்று விலை படியாமல் திரும்பி வந்ததா? காளை வந்ததா? தீவன வண்டி, பால் வண்டி, வியாபாரி, சினை ஊசி போடுபவர், கறவைக்காரர் ஆகியோர் எங்கிருந்து நேராக உங்களிடம் வந்தார்கள்? பொது மேய்ச்சலிலும் பொதுத் தண்ணீரிலும் யாருடைய மாடு நின்றது? தாளில் நாள்வாரியாக எழுதுங்கள். மனக்கணக்கில் அந்தத் திரும்பி வந்த கன்று விட்டுப்போகும்.

பிறகு முன்னோக்கியும் எண்ண வேண்டும். நோய் வெளித்தெரிவதற்குச் சில நாள் முன்பிருந்தே பாலிலும் மூச்சிலும் எச்சிலிலும் வைரஸ் வெளியேறத் தொடங்கிவிடும். அந்த நாள்களில் உங்களிடமிருந்து எந்த மாடு, எந்தப் பால், எந்த எரு வெளியே போனது என்பதும் பட்டியலில் வர வேண்டும். அக்கம்பக்கத்தாரிடம் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கும். சொல்லாமல் விட்டால் அவர்கள் மந்தையில் சுற்றிவிட்டு உங்களிடமே திரும்பும்.

பால் திடீரென்று குறைந்தது, கறக்கும்போது உதைக்கிறது

காய்ச்சல் ஏறும்போதே பால் இறங்கும். வாயில் எதுவும் தெரிவதற்கு முன் தென்படும் முதல் சைகை பல நேரம் இதுதான். காம்பிலும் மடித் தோலிலும் கொப்புளம் வந்திருந்தால் கறப்பவரின் விரல் பட்டதும் மாடு துள்ளும். அதற்குப் பயந்து கறக்காமல் விட்டால் மடிநோய் வந்து சேரும். மடிநோயால் போன பால் கோமாரியால் போன பாலைவிடத் திரும்புவது கடினம். வலித்தாலும் மென்மையாக, முழுதாகக் கறந்துவிட வேண்டும். கறந்தபின் காம்புக்குக் கிளிசரின் கலந்த களிம்பு தடவலாம்.

கறக்கும் வரிசை: நலமாக உள்ளவை முதலில், ஐயப்படுபவை பிறகு, நோய்ப்பட்டவை கடைசியில். வெளியே விற்கப் போகும் பாலில் நோய்ப்பட்ட மாட்டின் பாலைக் கலக்காதீர்கள். வீட்டில் இருப்பவர்களுக்கும் தொற்றுமோ என்று பயந்து கேட்பவர்களுக்கு: இந்த நோய் மனிதருக்கு வருவது மிக மிக அரிது, வந்தாலும் இலேசானது. குழந்தைகளுக்கு வரும் கை, கால், வாய் நோய்க்கும் மாட்டுக் கோமாரிக்கும் பெயர்தான் நெருக்கம், வைரஸ் வேறு. மனிதர் பெரும்பாலும் நோயாளி ஆவதில்லை, சுமப்பவர் ஆகிறார். நோய்ப்பட்ட மாட்டின் மூச்சுக்கு அருகில் வேலை செய்தவரின் மூக்கிலும் தொண்டையிலும் வைரஸ் ஓரிரு நாள் தங்கியிருக்கலாம்.

கன்று முதல் நாள் துள்ளியது, காலையில் செத்துக் கிடக்கிறது

வாயில் கொப்புளம் இல்லை, காலில் இல்லை, கழிச்சல் இல்லை. இளங்கன்றிலும் ஆட்டுக்குட்டியிலும் பன்றிக்குட்டியிலும் இந்த வைரஸ் வாய்க்கு வருமுன்பே இதயத் தசையைத் தாக்கிவிடும். அறுத்துப் பார்த்தால் இதயத்தில் வெளிறிய வரிகள், புலியின் தோலில் உள்ள கோடுகளைப் போல. புலி இதயம் என்றே மருத்துவர்கள் சொல்வார்கள். தொழுவத்தில் பெரிய மாடு ஒன்றின் எச்சிலும், இப்படி ஒரு கன்றின் சாவும் ஒரே வாரத்தில் நடந்தால் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

பிழைத்திருக்கும் கன்றுகளை நோய்ப்பட்ட தாயிடம் நேரடியாக ஊட்ட விடாதீர்கள். பாலைக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, தனிப் பாத்திரத்தில் கொடுங்கள். ஓடவிடாமல், துரத்திப் பிடிக்காமல், நிழலில் அமைதியாகக் கட்டி வையுங்கள். பழுதான இதயம் ஓட்டத்தைத் தாங்காது. இறந்த கன்றை மற்ற விலங்குகளும் நாய்களும் தோண்ட முடியாத ஆழத்தில், தண்ணீர் மூலத்திலிருந்து தள்ளிப் புதைக்க வேண்டும். தோலை உரித்து எடுக்கும் எண்ணம் வேண்டாம்.

ஆடுகளுக்கு ஒன்றும் இல்லையே?

இந்தக் கேள்விதான் ஏமாற்றுகிறது. செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் கோமாரி வந்தால் பல நேரம் ஒரு நாள் நொண்டல், மேல் ஈறில் சின்னப் புண், அவ்வளவுதான். மேய்ப்பவர் முள் குத்தியது என்று விட்டுவிடுவார். 2001இல் பிரிட்டனில் முதல் நோயாளி உறுதிசெய்யப்படுவதற்குள், வெளித்தெரியாமல் நோயைச் சுமந்த செம்மறிகள் சந்தைகள் வழியாக நாட்டின் பல மூலைகளுக்கும் போய்விட்டிருந்தன. அந்த ஆண்டு அங்கே அழிக்கப்பட்ட விலங்குகள் 60 லட்சத்துக்கும் மேல்.

ஆட்டு மந்தையில் வாய்ப்புண்ணோடு மூக்கு ஒழுகல், கழிச்சல், இருமல், அடுத்தடுத்த சாவு என்று வந்தால் ஆட்டுக்கொல்லி நோயை நினையுங்கள். செம்மறியின் முகம் வீங்கி நாக்கு நீலம் பாரித்தால் அது நீலநாக்கு நோயாக இருக்கலாம். மாட்டின் உடம்பு முழுக்கக் கட்டிகள் எழும்பினால் தோல் கழலை நோய். உறுதியாகச் சொல்ல வேண்டியது ஆய்வுக்கூடம்தான்.

பன்றி இதற்கு நேரெதிர். குளம்பே கழன்று விழும் அளவுக்குக் காலில் கடுமை காட்டும்; மூச்சில் மாட்டைவிடப் பல மடங்கு வைரஸை வெளியேற்றும். மாடோ காற்றில் வரும் மிகச் சிறிய அளவுக்கே விழுந்துவிடும். பன்றிக் கொட்டகைக்குக் காற்று இறங்கும் திசையில் மாட்டுக் கொட்டகை இருப்பது நல்ல ஏற்பாடு அல்ல. 1981இல் பிரான்சின் பிரிட்டனி பகுதிப் பன்றிகளிடமிருந்து கிளம்பிய வைரஸ், கடல்மேல் வீசிய காற்றோடு 200 கிலோமீட்டருக்கும் மேல் போய் இங்கிலாந்தின் ஒய்ட் தீவில் மாடுகளைப் பிடித்தது. குளிரும் ஈரப்பதமும் சேர்ந்தால்தான் இப்படி நடக்கும். வழக்கமாக நோய் வருவது காற்றில் அல்ல, கயிற்றில் கட்டி நாமே ஓட்டி வரும் மாட்டோடு.

கோமாரியேதான் போலிருக்கிறது: முதல் ஒரு மணி நேரம்

வாசலை மூடுங்கள். மாடு, ஆடு, எரு, வைக்கோல், பாத்திரம் எதுவும் உள்ளே வரவும் வேண்டாம், வெளியே போகவும் வேண்டாம். நோய் தெரிந்ததும் நல்ல மாடுகளையாவது காப்பாற்றுவோம் என்று உறவினர் தொழுவத்துக்கு ஓட்டிவிடுகிறார்களே, அதைப் போன்ற கெடுதல் வேறில்லை. நலமாகத் தெரியும் அந்த மாடுகளில் பலவற்றுக்கு நோய் ஏற்கெனவே உள்ளே இருக்கலாம்.

அடுத்து கால்நடை மருத்துவருக்குத் தகவல். பெரும்பாலான நாடுகளில் கோமாரியை அரசுக்கு அறிவிப்பது சட்டக் கடமை. நோயே இல்லாத நாடுகளில் நோய்ப்பட்டவற்றையும் அவற்றோடு பழகியவற்றையும் அழிப்பார்கள். நோய் நிலைத்துவிட்ட நாடுகளில் தடுப்பூசியும் நடமாட்டக் கட்டுப்பாடும்தான் வழி. எதுவாயினும் மாதிரி எடுக்க வேண்டும். ஆய்வுக்கு மிகச் சிறந்த பொருள் உடையாத கொப்புளத்தின் நீரும் புதிதாக உரிந்த தோலும். எனவே மருத்துவர் வருமுன் எல்லா வாயையும் மருந்துத் தண்ணீரால் கழுவித் தேய்த்துச் சுத்தமாக வைத்துவிடாதீர்கள். ஒன்றிரண்டு புது நோயாளிகளையாவது அப்படியே விட்டு வையுங்கள். அந்தத் தோல் துண்டை நீங்களாக ஃபார்மலினில் போட்டும் வைக்காதீர்கள். வைரஸைப் பிரித்தெடுக்க அது உதவாது.

ஒரே ஆளை நோய்ப்பட்ட மாடுகளுக்கு ஒதுக்குங்கள். அவருக்குத் தனி உடுப்பு, தனி வாளி, தனிக் கயிறு, தனித் துடைப்பம். ஆள் ஒருவர்தான் இருக்கிறார் என்றால் வேலையின் வரிசையை மாற்றுங்கள்: நலமானவை முதலில், நோய்ப்பட்டவை பின்னால், அதன்பின் குளியல். மீந்த தீவனத்தையும் தண்ணீரையும் அடுத்த மாட்டுக்கு நகர்த்த வேண்டாம். எச்சில் விழுந்த தீவனம் வீணானால் ஆகட்டும்.

மீதி மாடுகள் எல்லாவற்றுக்கும் காலையும் மாலையும் வெப்பநிலை பார்த்துக் குறித்துவையுங்கள். ஒவ்வொரு மாட்டுக்கும் இடையில் வெப்பமானியைக் கழுவுங்கள். சூடு ஏறிய மாட்டை எச்சில் ஒழுகுமுன்பே பிரித்துவிடலாம். இந்த ஒரு நாள் முன்னேற்றம் சில நேரம் வரிசையின் பாதியைக் காப்பாற்றும்.

மருந்து தெளித்தும் பரவிக்கொண்டே இருக்கிறது

எதைத் தெளித்தீர்கள் என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர் ஃபினாயில் என்பார்கள். தொழுவம் மணக்கும், மனம் நிறையும். ஆனால் இந்த வைரஸுக்குக் கொழுப்பு உறை கிடையாது. ஃபீனால் வகை மருந்துகளையும் அயோடின் கலவைகளையும் குவாட்டர்னரி அம்மோனிய வகைகளையும் அது தாங்கி நிற்கும், அதிலும் சாணம் கலந்த இடத்தில் நன்றாகவே தாங்கும். அதன் பலவீனம் வேறு: அமிலம், காரம். காரகாடி அளவு (pH) ஆறுக்குக் கீழே இறங்கினாலோ ஒன்பதுக்கு மேலே ஏறினாலோ சிதைந்துவிடும்.

ஆகவே சலவைச் சோடா 4 விழுக்காடு: பத்து லிட்டர் தண்ணீருக்கு 400 கிராம். அல்லது சிட்ரிக் அமிலம் 0.2 விழுக்காடு: பத்து லிட்டருக்கு 20 கிராம். விலை மலிவானவை, வேலை செய்பவை. காஸ்டிக் சோடா 2 விழுக்காடும் கொல்லும், கூடவே கையையும் மாட்டின் தோலையும் எரிக்கும். காலித் தரைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சரியான மருந்தும் தோற்பதற்கு மூன்று காரணங்கள் உண்டு. சாணத்தை அள்ளித் தேய்த்துக் கழுவாமல் அதன் மேலேயே தெளித்திருப்பீர்கள். தெளித்த உடனே தண்ணீர் விட்டிருப்பீர்கள். குறைந்தது பத்து நிமிடமாவது ஈரமாக நிற்க வேண்டும். அல்லது வலுவாக இருக்கட்டும் என்று சோடாவையும் சிட்ரிக் அமிலத்தையும் ஒன்றாகக் கரைத்திருப்பீர்கள். நுரை பொங்கும், ஒன்றை ஒன்று முறித்துக்கொண்டு வெறும் உப்புத் தண்ணீர் போல மிஞ்சும். பிளீச்சிங் கரைசலோடு அமிலத்தைச் சேர்த்தால் இன்னும் மோசம், நச்சுக் குளோரின் கிளம்பும்.

வாசலில் வைக்கும் கால் நனைக்கும் தொட்டியையும் எட்டிப் பாருங்கள். மூன்று நாளான சாணக் கரைசலாக இருந்தால் அது தடுப்பு அல்ல, வைரஸ் ஊறும் குட்டை. நாள்தோறும் மாற்றுங்கள், அதற்கு முன்னால் செருப்பின் அடியைத் தேய்க்க ஒரு தூரிகையும் வையுங்கள்.

தடுப்பூசி போட்டிருந்தும் வந்துவிட்டது

"ஊசியால்தான் வந்தது" என்ற புகாரை முதலில் முடித்துவிடுவோம். தடுப்பூசியில் இருப்பது செயலிழக்கச் செய்த வைரஸ்; அது நோயைத் தராது. ஊசி போட்ட மூன்றாம் நாள் கொப்புளம் வந்தால், ஊசி போட்ட அன்றே நோய் உள்ளே இருந்தது என்று பொருள். காப்பு உருவாக ஒன்றிரண்டு வாரம் ஆகும். ஆனால் ஒரே ஊசி முனையை மாற்றாமல் மாட்டுக்கு மாடு குத்திக்கொண்டு போனதாலோ, தடுப்பூசி போட வந்தவர் முந்தைய தொழுவத்திலிருந்து கால் கழுவாமல் வந்ததாலோ நோய் பரவ முடியும். புகார் சொல்பவர் தவறான பொருளைச் சரியான நாளில் சந்தேகிக்கிறார்.

அப்படி இல்லையென்றால் இவற்றைச் சோதியுங்கள். குளிர் விட்டுப்போனதா? தடுப்பூசி 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும்; உறைந்தாலும் கெடும், வெயிலில் இருந்தாலும் கெடும். ஒரே தவணையோடு விட்டீர்களா? கன்றுக்கு வழக்கமாக நான்காம் மாதம் முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து ஊக்க ஊசி, அதன்பின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. அந்த ஊக்க ஊசியைத் தவிர்த்த கன்றுக்குக் காப்பு விரைவில் தேய்ந்துவிடும். தாய்க்கு ஊசி போட்டிருந்து கன்றுக்கு மிகச் சிறிய வயதில் போட்டால், சீம்பாலில் வந்த எதிர்ப்பொருளே தடுப்பூசியை முடக்கிவிடும்.

மற்றொன்று வகைப் பொருத்தம். வைரஸில் ஏழு வகை: ஓ, ஏ, சி, ஏசியா 1, சாட் 1, சாட் 2, சாட் 3. ஒரு வகைக்கான காப்பு இன்னொன்றுக்கு உதவாது. ஒருமுறை ஓ வகை வந்து தேறிய மாட்டுக்கு அடுத்த ஆண்டு ஏ வகை வரலாம். (சி வகை 2004க்குப் பிறகு உலகில் எங்கும் அறிவிக்கப்படவில்லை.) ஒரே வகைக்குள்ளும் உட்பிரிவுகள் நழுவிக்கொண்டே இருக்கும். இதனால்தான் தடுப்பூசி போட்ட மந்தையில் நோய் வந்தால் மாதிரி அனுப்புவது கூடுதல் அவசியம். உங்கள் தொழுவத்தின் தோல் துண்டு, அடுத்த தடுப்பூசியில் எந்த வைரஸைச் சேர்ப்பது என்று முடிவுசெய்ய உதவலாம்.

சுற்றுவட்டாரத்தில் நோய் வந்துவிட்ட பிறகு ஊசி போடுவதென்றால் வெளி வட்டத்திலிருந்து தொடங்கி உள்நோக்கி வர வேண்டும். காய்ச்சல் கண்ட மாட்டுக்குப் போடுவதில் பயனில்லை. ஊசிக்குப் பின் ஓரிரு நாள் பால் சற்றுக் குறைவதும், குத்திய இடத்தில் கட்டி தங்குவதும் உண்டு. அதற்காக அடுத்த சுற்றை விட்டுவிடாதீர்கள்.

புண் ஆறவில்லை, காலில் புழு

வாய்க்கு: ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு கிராம் பொட்டாசியம் பெர்மாங்கனேட், அல்லது 20 கிராம் சமையல் சோடா. அந்த அளவுக்கு மேல் போட்டால் பெர்மாங்கனேட் புண்ணை எரிக்கும். தலையைத் தூக்கிப் பிடித்து ஊற்றாதீர்கள். நுரையீரலுக்குள் போய் மாடு செத்துவிடும். தலை தாழ்ந்திருக்க, பக்கவாட்டில் பீய்ச்சுங்கள். கழுவிய பிறகு போரிக் அமிலம் கலந்த கிளிசரின். தடவிக் கொடுக்கும் மூலிகைப் பசைகள் புண்ணுக்கு இதம் தருகின்றன, மாடு சீக்கிரம் வாய் வைக்கிறது. வைரஸ் அதனால் சாவதில்லை. மசித்த, கரைத்த, மென்மையான தீவனம் கொடுங்கள், அருகிலேயே தண்ணீர் வையுங்கள். முரட்டுத் தட்டை ஒரு வாரத்துக்கு வேண்டாம்.

காலுக்கு உலர்ந்த தரை எந்த மருந்தையும்விடப் பெரிது. பழைய வழக்கமாகச் சேற்றில் நிறுத்துகிறார்கள். குளுமையாக இருக்கும், சீழும் பிடிக்கும். புழு வைத்துவிட்டால் டர்பன்டைன் எண்ணெய் நனைத்த பஞ்சைச் சிறிது நேரம் வைத்து, வெளியே வரும் புழுக்களை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து, ஈ அண்டாத களிம்பு போடுங்கள். ஆன்டிபயாட்டிக் வைரஸுக்கு அல்ல, புண்ணில் சேரும் பாக்டீரியாவுக்கு; தேவையா என்பதை மருத்துவர் சொல்லட்டும். போட்டால் அவர் சொல்லும் நாள்வரை பாலை விற்காதீர்கள்.

குணமாகிவிட்டது, ஆனால் வெயிலில் மூச்சிரைக்கிறது

தேறிய மாடுகளில் சில, மாதக்கணக்கில் வெப்பம் தாங்காமல் நாக்கைத் தள்ளி இரைக்கும். முடி நீண்டு அடர்ந்து சொரசொரப்பாகும், பால் பழைய அளவுக்கு வராது, சினை பிடிக்காது. நுரையீரல் நோய் என்று எண்ணி மருந்து மாற்றி மாற்றிக் கொடுத்துப் பணம் கரைப்பவர்கள் பலர். கோமாரி விட்டுச்சென்ற வடு இது. நிழல், தண்ணீர் தெளிப்பு, காலை மாலைக் குளிர்ச்சியில் மட்டும் மேய்ச்சல் ஆகியவை துன்பத்தைக் குறைக்கும். முழுமையாகச் சரியாகும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

தேறிய மாட்டின் தொண்டையில் வைரஸ் நெடுநாள் ஒளிந்திருக்கவும் கூடும். மாட்டில் மூன்று ஆண்டுக்கு மேலும் கண்டிருக்கிறார்கள், ஆப்பிரிக்கக் காட்டெருமையில் இன்னும் அதிகம். பன்றியில் இப்படித் தங்குவதில்லை. ஒளிந்திருக்கும் வைரஸால் மற்ற மாடுகளுக்குப் பரவுவது அரிதுதான். இருந்தாலும் தேறிய மாட்டை வாங்குபவரிடம் மறைத்து விற்பது முறையல்ல.

எப்போது வாசலைத் திறக்கலாம்?

அரசு உத்தரவு இருந்தால் அதில் உள்ள நாள்தான் கணக்கு. இல்லையென்றால் நோய்ப்பட்ட முதல் மாடு தேறிய நாளிலிருந்து எண்ண வேண்டாம். கடைசி மாடு தேறி, தரை, தொட்டி, கயிறு, வண்டி எல்லாம் கழுவி முடித்த நாளிலிருந்து குறைந்தது ஒரு மாதம். அந்த மாதத்தில் எருக்குழியைக் கிளறி வயலுக்கு இறைக்காமல், மூடி வெப்பமேற விடுங்கள். புதிய மாடு வாங்கினால் குறைந்தது மூன்று வாரம் தனிக் கொட்டகை, தனி வாளி. வாங்கிய அன்று வாயைப் பார்த்தது போதாது. அந்த மூன்று வாரமும் காலையில் வெப்பமானி வையுங்கள். புதிதாக வாங்கியதற்கு மட்டுமல்ல, விற்க ஓட்டிப்போய்த் திரும்பி வந்த உங்கள் சொந்தக் கன்றுக்கும் அதே மூன்று வாரம்தான்.